படி காலைத் தட்டுது

1975 ஜூலை 9
இன்ஜினியரிங் காலேஜைப் பாதியில் விட்டதிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. பொன்னுதுரை அண்ணாச்சி பேசுகிறார். உப்பு வியாபாரி. சிங்கப்பூர் ஹோட்டலில் வெந்நீர்த் தொட்டி, ஆவிக்குளியல் எல்லாம் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி தன் வீட்டுக் கொல்லையில் வேண்டுமாம். அதுவும் பூமிக்கடியில். சீட்டாட ஒரு மூலை வேறு.
"மேல வச்சா பாதி ஊரு துண்டோட வந்துரும்லே ரோச்சு."
சமையலறையிலிருந்து படி இறங்கும். பிளான் என்னுடையது.

ஜூலை 28
ஆள் உயரம் தோண்டுவதற்குள் உப்புத்தண்ணீர். பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அக்டோபர் 6
தரை, சுவர், கூரை எல்லாம் காங்கிரீட். வெளியே, தோணிக்குப் பூசுவது போலத் தார். பம்பை நிறுத்தியாயிற்று. ஒரு சொட்டு ஒழுகவில்லை. படிப்பை விட்டவன் கட்டியது!

அக்டோபர் 22
விடாத மழை. அண்ணாச்சி சம்சாரம் அருணாசலவடிவு மதினி கால் விரலில் துணி சுற்றியிருந்தார்கள்.
"படி காலைத் தட்டுது. நேத்து வரைக்கும் தட்டல."
பார்த்தேன். மேல்படி, சமையலறைத் தரையைவிட ஒரு விரல் கனம் உயர்ந்து நிற்கிறது. தரை இறங்கிவிட்டதா? வீடே இறங்குதா?
கொத்தனார் சுடலைமாடனைக் கேட்டேன். "பிளான் போட்டது நானா?" என்கிறார்.

அக்டோபர் 24
சமையலறைச் சுவரில் கீறல். தூக்கமில்லை.

அக்டோபர் 26
துறைமுகத்தில் அப்பாவின் தோணி. சரக்கு இல்லை என்று அடித்தட்டில் மணல் கொட்டிக்கொண்டிருந்தார்கள். வெறும் தோணி தண்ணிக்கு மேல துள்ளும், பாரம் வேணும். சின்ன வயசுலேர்ந்து பார்க்கிறதுதான். மணல் கூடையைப் பார்த்துக்கிட்டே நின்னேன்.
வீடு இறங்கல. நான் கட்டுன ரூம்தான் ஏறுது. மழையில மண்ணுக்குள்ள தண்ணி ஏற ஏற, அதைத் தூக்குது. சொட்டு ஒழுகாத வெறும் தோணி ஒண்ணைக் கட்டி, அவுக அடுப்படியோட பிணைச்சு வச்சிருக்கேன்.
உள்ள தண்ணி நிரப்புனா நிக்கும். நிரப்புனா எல்லாம் பாழ். தீபாவளிக் குளியல் அங்கனதான்னு சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு. நான் எப்படிச் சொல்ல?

அக்டோபர் 27
சொல்லல.

அக்டோபர் 28
விடியும்போதே கொட்டுது. ஓடினேன். படி இன்னும் ஏறியிருக்கு. கீறல் கூரையைத் தொட்டிருச்சு. அதுக்குக் கீழ நின்னு மதினி தோசை சுடுதாக. கையைப் பிடிச்சு வெளியே இழுத்தேன். கிணத்துப் பம்ப் குழாயைத் திருப்பிப் படி வழியா உள்ள விட்டேன்.
அண்ணாச்சி சட்டையைப் பிடித்தார். "கிறுக்குப் பிடிச்சிருச்சாலே?"
"அடிக்கணும்னா அடிங்க அண்ணாச்சி. பம்பை மட்டும் அமத்தாதிய. சுவரு விழுந்துரும்."
அடித்தார். அமத்தவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். பளிங்குத் தொட்டி, சீட்டு மேசை, எல்லாம் முங்கிற்று.

நவம்பர் 19
மறுபடி பேய்மழை. இப்போது அப்பா தோணியில்தான் வேலை. மணல் கொட்டுவது நான். ஆனாலும் கால் அண்ணாச்சி வீட்டுக்கே போயிற்று. மதினி கதவைத் திறந்தார்கள்.
"எதுக்குலே வந்தே, தண்ணிய எறைக்கவா?"
"எறைச்சிராதிய மதினி. பார்க்கத்தான் வந்தேன்."
அண்ணாச்சி படியில் உட்கார்ந்து, முட்டுவரை காலைத் தண்ணீரில் விட்டிருந்தார். திரும்பவில்லை.
"முட்டு வலிக்கு நல்லாத்தாம்லே இருக்கு," என்றார்.
குனிந்து மேல்படியைத் தடவிப் பார்த்தேன். தரையோடு தரையாக இருந்தது. மதினி மாவுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு, கீழே பார்க்காமல், அதன்மேல் கால் வைத்து நடந்து போனார்கள்.