உருமி என் மடியில்தான் இருக்கிறது

என் முரட்டுச் செல்வியக்காவுக்கு,

நீ கண்மூடிய பிறகு வரும் முதல் திருவிழா. உன் உருமி மேளம் என் வாடகை வீட்டுச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. ஈஜோக் எஸ்டேட் அம்மன் கோயிலின் மேளக்குழுப் பையன்கள் கோயில் தலைவரோடு வந்து அதைக் கேட்டார்கள். கொடுத்திருப்பேன் என்றா நினைக்கிறாய்?

அதற்கு முந்தின வாரம் ரவாங் பேக்டரியில் எங்களுக்கு ஒரு வகுப்பு. பயிற்சியாளர் பலகையில் முக்கோணம் வரைந்தார். அடியில் சோறு, மேலே பாதுகாப்பு, பிறகு அன்பு, மதிப்பு. உச்சியில் 'செல்ஃப் ஆக்சுவலைசேஷன்'. தனக்குள் இருப்பதையெல்லாம் முழுசாக வெளியே கொண்டுவந்து வாழ்வதாம். கூட வேலை செய்பவர்கள் லங்காவித் தீவுக்குச் சுற்றுலா போய்ப் படம் எடுத்துப் போட்டாலும் அதே பெயரைத்தான் சொல்கிறார்கள்.

எனக்கு உன் நினைவு வந்தது. எஸ்டேட் லயத்து வீட்டை உங்களைக் காலி செய்யச் சொல்லியிருந்த மாதம் அது. மேளத்தோடு போகிறாய் என்று உன்னைக் கட்டிய மாமாவே உன்னோடு பேச்சை நிறுத்தியிருந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிக்காய் பொறுக்கிய கையைக் கழுவிவிட்டு நீ உருமியை மாட்டினாய். வளைந்த குச்சி தோலில் உரசி அந்த முனகல் எழுந்தபோது உன் முகத்தைப் பார்த்தவள் நான். அன்றைக்கு நீ எந்தப் படியில் நின்றாய் அக்கா?

கீழ்ப்படி ஆடும்போதே உச்சியில் நிற்க முடியாதா என்று பயிற்சியாளரிடம் எழுந்து கேட்டே விட்டேன். அவர் மழுப்பவில்லை. "வரிசையாத்தான் ஏறணும்னு சட்டம் எதுவும் இல்லம்மா" என்றார்.

அப்புறம் யார் போட்ட சட்டம் இது? முதலில் வீடு வாங்குவோம், பிள்ளைகள் படிக்கட்டும், அதற்கப்புறம் உன் ஆசை என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அந்த 'அப்புறம்' எந்தப் பெண்ணுக்கு வந்திருக்கிறது?

அதனால்தான் உருமி கேட்டு வந்தவர்களுக்குக் காப்பி கொடுத்துவிட்டு, உருமியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். நான் வாசிக்கிறேன் என்றேன். பெண் வாசித்தால் ஊர் பேசும், அது செல்வியோடு போகட்டும் என்றார் தலைவர்.

"ஊரு அக்காவையும் பேசுச்சு லா, ஐயா. பேசிக்கிட்டே அவ மேளத்துக்கு ஆடிக்கிட்டும் வந்துச்சு."

தலைவர் காப்பியை முடிக்காமல் எழுந்தார். பையன்கள் எழவில்லை. ஒத்திகைக்கு எப்போது வருகிறீர்கள் என்று கேட்டார்கள்.

உன்னைப் போல இழுக்க எனக்கு இன்னும் வரவில்லை. நான் குச்சியைத் தொட்டாலே பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்துகிறார்கள். சாத்தட்டும். வீடும் வாங்கவில்லை, கையும் தேறவில்லை. ஆனாலும் அம்மன் தேர் கிளம்பும்போது நீ நின்ற இடத்தில் நான் நிற்பேன், அக்கா. தடுக்க வந்தால் இன்னும் ஓங்கி இழுப்பேன்.

உன் பிடிவாதத்துக்கு வாரிசான தங்கை,
மல்லிகா