தோணித்துறையில் இனியும் கன்று நடவேண்டாம் என்று கேட்டுக்கொள்வது

அனுப்புநர்:
திருமதி நல்லரத்தினம் அன்னப்பூரணி,
செயலாளர், வாவி மீனவர் சங்கம்,
வெள்ளாமுனை, மட்டக்களப்பு.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்.

ஊடாக: கிராம உத்தியோகத்தர், வெள்ளாமுனை.

பொருள்: அயல்நாட்டு இளந்தலைவர் புலமைப்பரிசில் திட்டத்தினர் எங்கள் தோணித்துறையில் கண்டல் (அலையாத்தி) கன்று நடுவதை நிறுத்துதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

இதே விடயமாக முன்னரும் எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை. இன்னொரு முறை எழுதுவதால் கை தேய்ந்துவிடாது என்று எழுதுகிறேன்.

1. நேபாளம், பூட்டான், வங்காளதேசம், மாலைதீவு முதலிய நாடுகளில் தெரிவான இளைஞர் யுவதிகளை நம் நாட்டுப் பிள்ளைகளோடு சேர்த்து, வருடந்தோறும் மாரி தொடங்கும்போது பேருந்தில் எங்கள் ஊருக்குக் கூட்டிவருகிறார்கள். வாவியைக் காப்பது பற்றி எங்களுக்கே ஒரு பேச்சு நடக்கும். பிறகு எங்கள் தோணித்துறையில் கண்டல் நடுகை. நாட்டுக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஒரு பெயர்ப்பலகை. படம் எடுத்து, சோறு தின்று, போய்விடுவார்கள்.

2. அந்தப் பிள்ளைகள் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. நேபாளத்துப் பிள்ளையொன்று சேற்றில் விழுந்து எழும்பிச் சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நான்தான் அவளுக்குக் கால் கழுவ வாளியில் தண்ணீர் கொடுத்தேன். குறையெல்லாம் இடத்தைத் தெரிவுசெய்தவர்கள் மீதே. பேருந்து திரும்ப வசதி, படத்தின் பின்னால் வாவி முழுதாக விழும் என்பதற்காக, தோணி வந்து ஏறும் வாசலிலேயே நடுகிறார்கள். வீட்டு வாசற்படியில் தென்னை நட்டால் வீட்டுக்காரர் எந்த வழியால் போவார்?

3. வேறிடத்தில் நட்டால் பட்டுப்போகும் கன்று, மீன் கழுவி ஊறிய எங்கள் சேற்றில் மளமளவென்று வளர்கிறது. முதல் வருடக் கன்றுகள் இப்போது என் உயரம். வேர் விட்டு வலையைக் கிழிக்கின்றன. பிடுங்கலாமா என்று கேட்டால், கண்டலில் கை வைத்தால் வழக்கு என்கிறார் ஒரு உத்தியோகத்தர். பலகையை எடுத்தால் நட்புறவு கெடும் என்கிறார் இன்னொருவர். எங்கள் ஆட்களோ, "தோணிய எங்க கட்டின?" என்று கேட்டால், "நேபாளத்துக்குள்ள மாட்டிக்கிட்டு நிக்கிது" என்று பதில் சொல்லப் பழகிவிட்டார்கள்.

4. போன வருடம் மாலைதீவுப் பிள்ளை ஒருவர் கன்றைக் கையில் வைத்துக்கொண்டு, இங்கே தோணிகள் எந்த வழியால் வரும் என்று மொழிபெயர்த்த உத்தியோகத்தர் மூலம் என்னிடம் கேட்டார். தீவில் பிறந்தவர், கேட்கத் தெரிந்திருக்கிறது. "தம்பி, நீ நிக்கிற இடத்தாலதான் வரும், இதில நடாத" என்றேன். உத்தியோகத்தர் ஏதோ ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பிள்ளை நெஞ்சில் கைவைத்து எனக்குத் தலை குனிந்துவிட்டு அதே இடத்தில் நட்டார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்களிடம் இறால் வாங்கும் ஏறாவூர் அப்துல் கபூர், கட்டாரில் வேலை செய்து ஆங்கிலம் பழகியவர், பக்கத்தில் நின்றார். "அக்கா, நீங்க நன்றி சொல்றீங்களாம்" என்றார். எனக்கு வந்த கோபத்தை இந்த மனுவில் எழுத முடியாது.

5. இது மீன்பிடிக்கு மட்டுமான துறையல்ல. எதிரே படுவான்கரையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வரும் சனமும் இதில்தான் இறங்கும். மாரியில் அந்தப் பக்கத்து வீதி வெள்ளத்தில் மூடிவிட்டால் வேறு வழியில்லை. போன மாரியில் விதுர்ஷா என்ற பெண்ணை வலியோடு கொண்டுவந்த தோணி, பூட்டான் வரிசைக்கும் வங்காளதேச வரிசைக்கும் நடுவில் இறுகிவிட்டது. ஆண்கள் கழுத்தளவு தண்ணீரில் இறங்கித் தள்ளியும் அசையவில்லை. குழந்தை தோணியிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளைக்கு எந்த நாட்டுப் பிரசை என்று பதிவார்கள் என ஊரே கேட்டுச் சிரித்தது. அன்று தோணிக்குள் ஏறி அவளைப் பிடித்திருந்தவள் நான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

6. இப்போது மிஞ்சியிருப்பது ஒரேயொரு தோணி நுழையும் இடைவெளி. இம்மாதம் இருபதாம் திகதி அடுத்த அணி வருகிறதாம். நடும் இடத்துக்குக் கயிறு கட்டியாகிவிட்டது. கயிறு அந்த இடைவெளிக்குக் குறுக்கே ஓடுகிறது.

7. நடவேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கரை ஒவ்வொரு மாரிக்கும் இடிந்து விழுகிறது. அங்கே கண்டல் வேண்டுமென்று கேட்டுக் கேட்டு எங்கள் வாய் நொந்துவிட்டது. பேருந்து போகாது என்கிறார்கள். தோணி போகும். பிள்ளைகள் எல்லாரையும் எங்கள் சங்கமே ஏற்றிச் சென்று, நட்டு முடிந்ததும் நண்டுக் கறியோடு சோறும் கொடுத்து அனுப்பும்.

ஆகவே, கயிற்றை அவிழ்க்கவும், நடுகையைப் பள்ளிக்கூடக் கரைக்கு மாற்றவும், துறையில் நிற்கும் கன்றுகளைச் சட்டப்படி பெயர்த்து அங்கே வைக்கவும் தாங்கள் உத்தரவிட வேண்டும். உத்தரவு வராவிட்டால் இருபதாம் திகதி நான் அந்த இடைவெளியில் நிற்பேன். பக்கத்தில் அப்துல் கபூரும் நிற்பார். இம்முறை நான் சொல்வதை அவரே மொழிபெயர்ப்பார்.

கடைசியாக ஒன்று. படுவான்கரையில் கட்டிக்கொடுத்த என் மகள் தக்ஷாயினிக்கு இம்மாதக் கடைசியில் நாள். என் பேரப்பிள்ளை எந்த நாட்டு வரிசையிலும் பிறக்க வேண்டாம் ஐயா. ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறக்கட்டும். அதற்குத் தோணி கரைக்கு வரவேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் பதிலுக்காகத் துறையிலேயே காத்திருக்கும்,

ந. அன்னப்பூரணி
(ஒப்பம்)

இடம்: வெள்ளாமுனை
திகதி: 05.11.2025