பீரோ நகர்ந்த செய்தி

அன்புள்ள மனைவிக்கு,

உன் கணவன் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்து, யாரோ சின்னப் பிள்ளையிடம் எழுதி வாங்கினேன் என்று நினைக்காதே. நானேதான். இந்த நாலு வரிக்குள் ஒரு டீ ஆறிப்போயிற்று.

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மகள் வீட்டில் வாக்கரைப் பிடித்து நடக்கிறாய் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். நம் அறையில் பீரோ வழியை மறித்து நிற்கிறது, வாக்கர் நுழையாது, வருவதா அங்கேயே இருந்துவிடுவதா என்று பிறகு சொல்கிறேன் என்று முடித்திருந்தாய். வழக்கம்போல் பக்கத்து வீட்டுத் தையல்காரர்தான் வாசித்துக் காட்டினார். வாசித்து முடித்ததும் என் முகத்தைப் பார்க்காமல் ஊசியில் நூல் கோத்தார்.

பீரோ நகர்ந்துவிட்டது. இதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எழுதப் படிக்க ஒரு மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அங்கே இப்போது விசையைப் பற்றிய பாடத்தை எழுத்துக் கூட்டி வாசிக்கிறோம். தள்ளுவதும் இழுப்பதும் விசையாம். காலமெல்லாம் மூட்டை தூக்கியவன் நான். செய்த வேலைக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது இப்போதுதான் தெரிகிறது. பொருளை நகரவிடாமல் தரை பிடித்துக்கொள்கிறதே, அது உராய்வு. அதை வாசித்ததும் பீரோ ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து தரையெல்லாம் சோப்புத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் பீரோவைத் தள்ளினேன். பீரோ அசையவில்லை. நான்தான் பின்னால் வழுக்கிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். வாசலில் நின்ற தையல்காரர், "பீரோ நின்ன இடத்துலயே நிக்குது, பெரியவர்தான் ஊருக்குக் கிளம்பிட்டாரு" என்றார். அடி ஒன்றும் இல்லை, பயப்படாதே.

மறுநாள் டீச்சரிடம் கேட்டேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நீங்க பீரோவைத் தள்ளினா, அதுவும் உங்களை அதே அளவுக்குத் திருப்பித் தள்ளும் ஐயா. உங்க காலைத் தரை பிடிச்சாத்தான் நீங்க நிப்பீங்க" என்றாள். நம் வீட்டில் இத்தனை வருஷமாக நடப்பதும் அதுதானே என்று நினைத்துக்கொண்டேன்.

பீரோவைக் காலி செய்தேன். உன் புடவைகள் கட்டிலில் இருக்கின்றன. மடிப்பு உன் மடிப்பு மாதிரி வரவில்லை, திட்டாதே. நான் நிற்கும் இடத்தை மட்டும் நன்றாகத் துடைத்தேன். தையல்காரர் சாய்த்துப் பிடிக்க, பீரோவின் காலுக்கு அடியில் ஈரச் சாக்கை நுழைத்தேன். பிறகு அவர் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டு, குனிந்து நானே தள்ளினேன். முதலில் முறைத்துக்கொண்டு நின்றது. அப்புறம் புறப்பட்டது பார், நிற்க மனமில்லாமல் போய்ச் சுவரில் மோதிக் கொஞ்சம் பூச்சை உதிர்த்துவிட்டுத்தான் நின்றது. ஓடும் பொருள் தானாக நிற்காதாம், அதுவும் பாடத்தில் இருக்கிறது.

தையல்காரர் டேப்பைப் பிடித்து அளந்து பார்த்து, "வாக்கர் என்ன, ரெண்டு பேரு சேந்தே நடக்கலாம்" என்றார்.

இன்னொன்று. தையல்காரர் வாசிப்பார் என்று தெரிந்துதான் இதுவரை மருந்தையும் மழையையும் பீரோவையும் மட்டும் எழுதினாய். இனி உறையை நானே பிரிப்பேன். வருகிறாய் என்றால் எழுது. இல்லை என்றாலும், ஏன் என்று உன் மனசில் உள்ளபடி எழுது. பக்கத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். எழுத்தை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடு.

நீ நல்லபடியாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு,
வழியைத் திறந்து வைத்திருக்கும்
உன் கணவன்