கிடங்கு உச்சியில் வெள்ளி

தை 12, வியாழன். இரவு.

காலையில் பழனியப்பன் என்கிற குடியானவர் ஆலைக்கு வந்து, மேனேஜர் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன்.

அவருக்கும் அவருடைய பங்காளிக்கும் ஒரே கிணறு. இரவெல்லாம் பங்காளி தண்ணீர் இறைப்பார். கிழக்கே வெள்ளி முளைத்ததும் இவர் முறை. நேற்று இரவு இவர் வெள்ளியைக் கண்டு எழுந்து, மாடுகளை ஓட்டிக்கொண்டு கிணற்றுக்குப் போயிருக்கிறார். அது வெள்ளியல்ல. எங்கள் பஞ்சுக் கிடங்கின் உச்சியில் நேற்றுத்தான் மாட்டிய கரண்டு விளக்கு. அப்போது நடுச்சாமம்.

“தண்ணி திருட வந்தேன்னு அடிக்க வந்துட்டானுங்க. அந்த வெளிச்சத்துல நெச வெள்ளி தெரிய மாட்டேங்குதுங்க. விடியக்காலம் மட்டும் அணைச்சு வெப்பீங்களா?”

ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன்.

“கடியாரம் என்னுதாப் போயிருமுங்க. அவன் நம்ப மாட்டான். வெள்ளின்னா ரெண்டு பேருக்கும் பொதுவுங்க.”

விடிய விடிய எரிய வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு, என் கையில் ஒன்றும் இல்லை என்று சொன்னேன். “ஆகட்டுங்க, வாரேனுங்க” என்று போய்விட்டார். அவர் சண்டை போட்டிருந்தால் இந்நேரம் மறந்து தூங்கியிருப்பேன்.

சற்றுமுன் வெளியே போய் அண்ணாந்து பார்த்தேன். உள்ளங்கையால் விளக்கை மறைத்தும் ஒரு நட்சத்திரம்கூடத் தெரியவில்லை.

முதலாளி சேலத்தில் இருக்கிறார். மாதம் ஒருமுறைதான் வருவார். விளக்கின் சுவிட்சு நான் எழுதும் இந்த மேசைக்கு மேலே, கை எட்டும் தூரத்தில் இருக்கிறது.