கடலின் பங்கு

ஓகஸ்ட் 10, ஞாயிறு

இன்று அம்மாவிடம் சொல்லாதது: பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறக்கும் வழியில் கடல் பத்துப் பதினைந்து நிமிடம்தான். மீதியெல்லாம் தரை, அல்லது தரையோரம்.

சோளகக் காற்று. கொடியில் ஒரு துணியும் நிற்கவில்லை. சென்னையில் சித்தி மகளின் கல்யாணத்துக்கு ரிக்கற் போட்டாயிற்று.

"எவ்வளவு நேரம் எடுக்கும் பிள்ளை?"

ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட என்றேன். அவ்வளவும் கடலோ என்று கேட்டார். கேளாதவள் போல் போனைப் பார்த்தேன்.

வள்ளத்தில் போகிறவரிடம் எவ்வளவு நேரம், எப்போது வருவீர்கள் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் கேட்பதில்லை. கேட்டால் பயணம் விளங்காதாம். அப்பாவிடமும் கேட்கவில்லை. சண்டைக் காலம், எனக்கு இரண்டு வயது. வல்வெட்டித்துறையிலிருந்து இந்தியாவுக்கு வள்ளம் ஏறினார். அதன் பிறகு செய்தி இல்லை. அந்தக் கேள்வியை அம்மா இன்றுதான் கேட்கிறார். என்னிடம்.

காலையில் பிள்ளையார் கோயில். சதயம், அப்பாவின் நட்சத்திரம். மாதம் தவறாமல் அவர் பெயருக்கு அர்ச்சனை. அர்ச்சனை உயிரோடிருப்பவர்களுக்கு. இறந்தவர்களுக்குத் திவசம். அப்பாவுக்குத் திவசம் இல்லை. அம்மாவைப் பொறுத்தவரை அவர் அக்கரையில் இருக்கிறார். கடல் பெரிது, வரமுடியவில்லை.

ஓகஸ்ட் 24

பெட்டி அடுக்கல். பருத்தித்துறை வடை, ஒடியல் மா, மிளகாய்த்தூள், பனங்கட்டி. எல்லாவற்றுக்கும் அடியில் அப்பாவின் நீலச் சேர்ட், அயன் பண்ணி. கண்டால் கொடுக்க.

"மெலிஞ்சிருப்பார். தொளதொளவெண்டுதான் கிடக்கும்."

சுவரில் உள்ள படத்தில் அப்பாவுக்கு இப்போது என் வயது. கொஞ்ச நாளில் நான் மூத்தவள். வாசிக்க எடுத்த புத்தகத்தில் ஒரே பக்கம், மூன்று தரம்.

ஓகஸ்ட் 25

சிறிய விமானம். காதடைக்கும் இரைச்சல். அம்மா ஜன்னலோரம் கேட்டு வாங்கினார். எழும்பியவுடன் கடல். கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி இருந்தார். கீழே வெள்ளைப் பொட்டாய் ஒரு வள்ளம். நானும் எட்டிப் பார்த்தேன், ஆள் தெரியுமோ என்று. அந்த உயரத்திலிருந்து.

பிறகு மணல். உப்பளம். கூரைகள்.

"உது என்ன ஊர்?"

"இந்தியா அம்மா. கடல் முடிஞ்சுது."

பின் சீட்டில் ஒருவர், தண்ணி கூடத் தரேல்லை, அதுக்குள்ளை வந்திட்டம் என்று சிரித்தார்.

அம்மா கூரைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னிடம் இல்லை, கண்ணாடியிடம்:

"இவ்வளவு கிட்டவெண்டால் அந்த மனுசன் நீந்தியெண்டாலும் வந்திருக்கும்."

இறங்கும்வரை அம்மாவின் கையைப் பிடித்திருந்தேன்.

செப்டெம்பர் 1

திரும்பினோம். கல்யாணம் நல்லபடி. சித்தி வீட்டுச் சாம்பாரில் சீனி. தெருவில் அம்மா ஒரு முகத்தையும் உற்றுப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்தேன். கடைவாசலில், பஸ்ஸில், மண்டபத்தில், மெலிந்த ஆண்கள் எல்லோரையும்.

வரும்போது ஜன்னல் சீட்டை அம்மா எனக்குத் தந்தார். மறைப்பை இழுத்து மூடிவிட்டேன்.

சேர்ட் பெட்டியின் அடியில், மடிப்புக் கலையாமல்.

செப்டெம்பர் 6

சதயம். புழுக்கம். பூ வாங்க மறந்து பாதி வழியில் திரும்பிப் போனேன்.

ஐயர் தட்டை வாங்கி, வழமை போல அப்பாவின் பெயரைத் தானே தொடங்கினார். அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"பிள்ளையின்ரை பேருக்குச் செய்யுங்கோ ஐயா."

ஐயர் என் நட்சத்திரத்தைக் கேட்டார். அம்மா சொன்னார். அர்ச்சனை என் பெயருக்கு நடந்தது.