மேல் வீடு காலியாகிறது

பாப்பாவின் அப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் முதுகு வலி இப்போது எப்படி இருக்கிறது? போனில் சொன்னால் பாதியிலேயே கோபித்துக்கொள்வீர்கள், அதனால்தான் இந்தக் கடிதம்.

மேல் வீட்டில் குடியிருக்கும் கண்ணாடிக் கடைப் பெண் ஒப்பந்தம் முடியும் முன்பே காலி செய்கிறாள் என்று சொன்னேன் அல்லவா? "எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான், முன்பணத்தில் பிடித்துக்கொள்" என்றீர்கள். அப்படித்தான் செய்ய நினைத்தேன். ஆனால் ஏன் போகிறாள் என்று தெரியாமல் எனக்கு மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. நல்ல காற்று, நல்ல தண்ணீர், நம்மால் ஒரு தொந்தரவும் இல்லை. சொந்த வீடு வாங்கிவிட்டாள் என்று பக்கத்து வீட்டு வாத்தியார் அடித்துச் சொன்னார். கடையில் ஏதோ தகராறு என்றாள் அவர் மனைவி.

குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். கட்டில், அலமாரி எல்லாம் விற்றாகிவிட்டது. நீங்கள் படத்தில் பார்த்துத் தேர்ந்தெடுத்த தரைக்கல் மேல் இரண்டு பெட்டிகள் மட்டும். வேலையையும் விட்டுவிட்டாளாம். வெளியூரில் இருக்கும் புருஷனிடம் போகிறாள்.

"அங்க பெரிய வீடா?" என்றேன்.

"ஒரே ரூம்தான்க்கா. சமையல், படுக்கை எல்லாம் அதுக்குள்ளதான்" என்று சிரித்தாள்.

"இவ்வளவு வசதிய விட்டுட்டு அங்க போய் எப்படிம்மா இருப்ப?"

"போன்ல பேசிப் பேசி இப்ப பேச ஒண்ணுமே இல்லக்கா. சாப்பிட்டியா, தூங்கினியான்னு கேட்டுட்டு வச்சிடறோம். ஒழுங்கா ஒரு சண்டை போடக்கூடப் பக்கத்துல இருக்கணும்ல?"

எனக்குச் சிரிப்பு வந்தது. குழாயைப் பார்க்காமலே இறங்கி வந்துவிட்டேன்.

வெள்ளையடிக்கிற செலவுக்கு மட்டும் கொஞ்சம் எடுத்துக்கொண்டு, மீதி முன்பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டேன். திட்ட வேண்டுமானால் திட்டுங்கள். நீங்கள் என்னை நேரில் திட்டித்தான் எத்தனை காலமாகிறது!

பாப்பா உங்கள் உயரத்தைக் கேட்கிறாள். நான் என் தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டினேன். சரியாகக் காட்டினேனா என்று எனக்கே சந்தேகம்.

நேற்று, வாடகைக்கு என்று பலகை எழுதுகிறவர் வந்தார். மாடிக்கு மட்டுமா, முழு வீட்டுக்குமா என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

உங்கள் அறை எவ்வளவு பெரியது? ஜன்னல் எந்தப் பக்கம்? பாப்பா உட்கார்ந்து படிக்க ஒரு மூலை தேறுமா? இதையெல்லாம் நான் இதுவரை கேட்டதே இல்லை.

வேளைக்குச் சாப்பிடுங்கள். போன் வேண்டாம், எழுதுங்கள். பலகைக்காரரிடம் என்ன சொல்ல?

உங்கள் பதிலை எதிர்பார்த்து,
பாப்பாவின் அம்மா