ஜெர்மனியை வதிவிடமாகக் கொண்ட மேஜர்

மே 5, திங்கள்

மழை. மதியம் கொஞ்சம் விட்டது. பிறகு மழை.

எங்கள் தமிழ் நலன்புரிச் சங்க நிர்வாகக் குழு இன்று இரண்டு மணிநேர ஆலோசனைக்குப் பின் வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எடுத்தது. பதாகை நாவல் நிறத்தில் இருக்கும். எதிர்ப்பு இரண்டு. நடுநிலை ஒன்று (ரோல்ஸ் கருகுகிறதா என்று பார்க்கக் குசினிக்குப் போயிருந்தவர்).

எதற்குப் பதாகை என்பது அதன் பிறகே பேசப்பட்டது. கனடாவிலிருந்து ஒரு தமிழ்ப் பிரமுகர் வருகிறார். அங்கே மாநகர சபைக்கு நிற்கப்போகிறவர். இரண்டாம் உலகப் போரில் இறந்த கனடியர் ஒருவரின் கல்லறையில் மலர்வளையம் வைத்துப் படம் எடுக்க விருப்பமாம். ஜெர்மனியில் எங்கள் ஊரிலிருந்து காரில் கால் மணிநேரத்தில், ஹொலண்ட் எல்லைப் பக்கம், காட்டோரப் போர் மயானம். கனடியர் வரிசை வரிசையாக இருக்கிறார்கள்.

"சும்மா சிப்பாய் வேண்டாம். ஒரு பெரிய ஆளாப் பாத்து எடுக்கோணும்," என்றார் தலைவர்.

பதக்கம் பெற்ற மேஜர் ஒருவர் தெரிவானார். சந்தையில் மீன் தெரிந்தெடுப்பது போலத்தான்.

என் பங்கு: (1) பதாகைக்குத் தமிழ். (2) டொச்சில் (ஜெர்மன் மொழியில்) உரை, நான்கு நிமிடம். (3) மயானத்தைப் பராமரிக்கும் நிறுவனத்துக்கு அன்ட்ராக் (அனுமதி கேட்கும் கடிதம்). கூட்டமாகப் போவதென்றால் எழுதிக் கேட்டு அனுமதி பெற வேண்டும். என் தொழில் மொழிபெயர்ப்பு. இலங்கையில் ஒரே ஒரு வருடம் படிப்பித்தேன். அதனால் ஆயுள் முழுக்க மாஸ்டர்.

மே 7, புதன்

வெயில். மேஜரைப் பார்க்கப் போனேன். வெள்ளைக் கல், மேப்பிள் இலை, பெயர் (இங்கே வேண்டாம்), வயது முப்பத்தொன்று. ஹொலண்டில் ஒரு கால்வாயைக் கடந்தபோது, சுட்டுக்கொண்டிருக்கையிலேயே இரண்டு தரம் திரும்பிப் போய்க் காயப்பட்ட தன் ஆட்களைத் தூக்கி வந்தாராம். அதற்குப் பதக்கம். போர் முடியச் சில வாரங்கள் இருக்கையில், இந்தப் பக்கத்துப் பண்ணைவீடு ஒன்றின் முற்றத்தில் அதையே மறுபடி செய்யப் போனார். அதற்குக் கல்.

மரியதாஸ் அங்கே தோட்டக்காரர். மன்னார் ஆள். பதினெட்டு வருடமாக இதே மயானம். ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டு வருடம். மேஜரின் கல்லடியில் முழங்காலில் நின்று, கத்தரியால் புல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாக் கல்லுக்கும் இப்பிடித்தானோ?"

"ஓம் மாஸ்டர். மேஜருக்கு ஒண்டு, சிப்பாய்க்கு ஒண்டு எண்டு இல்லை."

அடுத்த கல்லுக்கு நகர்ந்தபடி, நான் கேட்காமலே:

"என்ர தம்பிக்கும் துயிலுமில்லத்திலை ஒரு கல்லு இருந்தது. ஆமி வந்து புல்டோசர் விட்டுக் கிளறிப்போட்டாங்கள். எந்த இடமெண்டு இப்ப காட்டேலாது. இங்கை எல்லாம் நேரா நிக்குது. அது காணும் எனக்கு."

நிகழ்ச்சியைப் பற்றிச் சொன்னேன். சந்தோஷப்பட்டார். "செய்யுங்கோ, நல்ல விசயம்தானே. ஆனா அனுமதிக் கடிதம் இல்லாமல் வந்திடாதேங்கோ. போன வருசம் எனக்கு ஒரு அப்மானுங் தந்தவங்கள். சாவியை வேறை ஆளிட்டைக் குடுத்ததுக்கு. இன்னொண்டு வந்தா வேலை போயிடும்."

அப்மானுங் என்பது எழுத்தில் தரும் எச்சரிக்கை. இந்த நாட்டில் கோபத்தையும் கோப்பில் போட்டு வைப்பார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அன்ட்ராக் எழுதினேன். ஒரு பக்கம். மாலையே தலைவர் கையில் கொடுத்தேன். ஒப்பம் வைத்து அனுப்ப வேண்டியவர் அவர்.

மே 10, சனி

மூட்டம். பல் வலி. கூட்டம்.

செயலாளர் ராஜி அக்கா மேஜரின் விபரத்தைக் கைபேசியில் டொச்சிலிருந்து தமிழாக்கிக் கொண்டு வந்திருந்தார். போரில் இறந்ததைச் சொல்லும் சொல்லை இயந்திரம் அப்படியே பெயர்த்திருந்தது: "மேஜர் ஜெர்மனியில் விழுந்தார்."

"எங்கையிருந்து விழுந்தவர்?" பின்வரிசையில் ஒருவர். அக்கறையாகத்தான் கேட்டார்.

மாற்றுச் சொற்களும் அவற்றின் கதியும்:

காலமானார்: "வருத்தம் வந்து செத்த மாதிரிக் கிடக்கு."
அமரர்: "வேதக்காரன் எல்லோ அவர்?"
கர்த்தருக்குள் நித்திரை: "எந்தச் சபை எண்டு தெரியாமல் போடேலாது."
வீரமரணம்: "அது இந்தியன் ஆமி பாவிக்கிற சொல்லு."
வீரச்சாவு: எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "அது எங்கட பெடியளுக்குரியது. வெள்ளைக்காரனுக்குக் குடுக்கேலாது."

"அவனும் ஒரு தாய்க்குப் பிள்ளைதானே, அண்ணை?" என்றார் ராஜி அக்கா.

"நீங்கள் அரசியல் கதைக்காதேங்கோ."

ஒன்றரை மணிநேரம். மேஜரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடு இல்லை. சொல்லை அச்சகக்காரரே பார்த்துப் போடட்டும் என்று தீர்மானம்.

மே 13, செவ்வாய்

பல் பிடுங்கியாயிற்று. பதாகையின் மாதிரி வட்ஸ்அப்பில் வந்தது. அச்சகக்காரர் வழக்கமான மரண அறிவித்தல் படிவத்தையே பாவித்திருக்கிறார்:

"கனடா ஒன்ராறியோவைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனியை வதிவிடமாகவும் கொண்ட மேஜர் அவர்கள் அகால மரணமடைந்தார். தகவல்: குடும்பத்தினர்."

மூலையில் குத்துவிளக்கு. தலைவருக்குத் தொலைபேசினேன்.

"என்ன பிழை, மாஸ்டர்? எண்பது வருசமா இங்கைதானே கிடக்கிறார்."

எங்களில் எவருக்கும் இத்தனை வருட வதிவிடம் கிடையாது. அன்ட்ராக் அனுப்பியாயிற்றா என்று கேட்டேன். "ஓமோம், அதைப் பாப்பம்."

மே 15, வியாழன்

மலர்வளையம் எடுக்கத் தலைவரின் காரில் போனேன். என் கடித உறை முன்கண்ணாடியின் கீழ் கிடந்தது. மேலே கோப்பிக் கறை, வட்டமாக. ஒட்டக்கூட இல்லை.

வழியில் மரியதாஸின் அழைப்பு. கார் முழுக்கக் கேட்டது.

"அண்ணை, அனுமதிக் கடிதம் வந்ததோ?"

"வந்திட்டுது, வந்திட்டுது. நீர் சனிக்கிழமை பக்கத்துக் கேற்றைத் திறந்துவிடும். வான் உள்ளுக்கை வரோணும்."

"சரி அண்ணை. நன்றி அண்ணை."

தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "சரியான பயந்தாங்கொள்ளி. படம் வந்தா அவருக்கும் பெருமைதானே, மாஸ்டர்."

நான் வெளியே பார்த்தேன். வயல் முழுக்க மஞ்சள் பூ. நிகழ்ச்சி நிரலில் என் உரை மூன்றாவது. உண்மையைச் சொன்னால் அதை வெட்டிவிடுவார்கள் என்ற நினைப்பும் வந்தது என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும். மரியதாஸுக்கு நான் தொலைபேசவில்லை.

மே 17, சனி

காற்று. வந்தவர்கள்: ஒரு வான், பல கார்கள்.

கொண்டுவந்தவை: ஒலிபெருக்கி, குத்துவிளக்கு, மடிக்கும் கதிரைகள், மிக்சர், பதாகைக்கு இரும்புக் கம்பி இரண்டு.

கம்பிகளில் ஒன்றை மேஜருக்கும் பக்கத்துக் கோப்ரலுக்கும் நடுவில் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள். ரோஜாச் செடி முறிந்தது.

"அண்ணை, அதிலை அடிக்க வேண்டாம், அண்ணை!" மரியதாஸ் ஓடி வந்தார்.

"ரண்டு நிமிசம், ஐசே."

பிரமுகர் நல்ல சூட். "அங்கிள், எந்தக் கல்லு?" என்று கேட்டார். பதில் வருமுன் கோப்ரலுக்கு மலர்வளையம் வைத்து, கண் மூடி, படமும் எடுத்தாயிற்று. வளையத்தைத் தூக்கி மேஜருக்கு வைத்து இரண்டாம் தரம் கண் மூடினார். இரண்டாவது மூடலே உருக்கமாக இருந்தது. குத்துவிளக்கின் எண்ணெய் கல்லின் அடியில் வழிந்தது.

என் உரைக்கு முன் மரியதாஸ் அருகில் வந்தார். தொப்பி கையில்.

"மாஸ்டர், அந்தக் கடிதத்தை ஒருக்காக் காட்டுங்கோவன்."

"தலைவரிட்டைக் கேளுங்கோ," என்றேன். மேடையேறினேன். மேடை என்றால் ஒரு பெட்டி. தன் ஆட்களைக் கைவிடாத மனிதர் பற்றி நான்கு நிமிடம் பேசினேன். கை தட்டினார்கள். மயானத்தில்.

புறப்படும்போது மரியதாஸ் முழங்காலில் நின்று துணியால் எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மே 18, ஞாயிறு

முகநூலில் படங்கள். தலைப்பு: "ஜெர்மனிய மண்ணில் முதல் தடவையாக!" கீழே: "மயானப் பொறுப்பதிகாரி மரியதாஸ் அவர்களின் விசேட அனுமதியுடன்." தோட்டக்காரருக்கு ஒரே இரவில் பதவி உயர்வு. அவர் தொப்பியோடு நிற்கும் படம். பின்னால் கம்பி, விளக்கு, முறிந்த ரோஜா, எல்லாம் தெளிவாக.

அகற்றிவிடும்படி தலைவரிடம் சொன்னேன். "இப்ப ஏலாது, மாஸ்டர். லைக் வந்துகொண்டிருக்கு."

மே 22, வியாழன்

மாலை மரியதாஸ் வந்தார். கையில் நிறுவனத்தின் கடிதம். "டொச் விளங்குது. ஆனா நான் பிழையா விளங்கியிருக்கலாம். நீங்கள் வாசிச்சுச் சொல்லுங்கோ."

வாசித்தேன். வேலைநீக்கம். அவர் பிழையாக விளங்கவில்லை.

"அனுமதி எடுக்கேல்லை எண்டு உங்களுக்கு முதலே தெரியுமோ?"

"ஓம்."

கடிதத்தை அதே மடிப்பில் மடித்தார். வழக்குப் போடலாம், நான் சாட்சி சொல்கிறேன் என்றேன். "இனி ஏன், மாஸ்டர்," என்றார். தேத்தண்ணி வைத்தேன். குடிக்கவில்லை.

மே 26, திங்கள்

மழை. நிர்வாகக் குழு கூடியது. பிரமுகருக்கு நன்றிக் கடிதம். அடுத்த வருடம் இதை இன்னும் பெரிதாகச் செய்வதென்று ஏகமனதாகத் தீர்மானம். மரியதாஸின் வேலை பற்றி நான் பேசினேன். அது "ஏனைய விடயங்கள்" பகுதியில் வருமாம். அந்தப் பகுதிக்கு நேரம் இருக்கவில்லை. என் விலகல் கடிதத்தை மேசையில் வைத்தேன். பரிசீலிப்பார்களாம்.

மே 30, வெள்ளி

காலை ஒன்பது மணிக்கு மரியதாஸ் சாவிகளை ஒப்படைத்தார். மேஜரின் வரிசைக்கு வேறு ஆள் போட்டிருக்கிறார்கள்.